கண்ணுக்குள் போகாத பொடி

சென்னியப்பன் இளைத்ததற்கு ஊர் ஒரு காரணம் வைத்திருந்தது. ஒரே மகள் சத்யா. முப்பது வயதுகூட ஆகவில்லை. போன வருஷம் மாசியில் ஆறு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு மனிதர் கறி, மீன் என்று கவுச்சியையே விட்டார். ஆவணியில் சட்டை தொளதொளத்தது. ஐப்பசியில் சர்க்கரை வந்தது. தை பிறந்தபோது ஆணியைப் பழுக்கக் காய்ச்சி இடுப்பு பெல்ட்டில் மூன்றாவது ஓட்டை போட்டார். 'மக வெசனம் மனுசன உருக்கிப்போட்டுது' என்று புதுச்சத்திரம் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அப்படிச் சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை இருந்தது.

அதே டீக்கடையில் மருமகன் கவினைப் பற்றியும் ஒரு பேச்சு இருந்தது. அவன் இளைக்கவில்லை. பெண்டாட்டி போன பதினாலு மாதத்தில் மூன்று கிலோ கூடியிருந்தான். 'இவனப் பாத்தா பொண்டாட்டியப் பறிகுடுத்தவனாட்டமா இருக்குது?' என்று யாரோ சொன்னது அவன் காதிலும் விழுந்தது. அவன் மறுக்கவில்லை. நாமக்கல்லில் கோழித் தீவனம் சோதிக்கிற லேப் ஒன்றை நடத்திவந்தான். காலையில் போனால் இருட்டும்வரை வேலை. ஓட்டலில் வைத்ததைத் தின்றான். ருசி தெரியவில்லை. ருசி தெரியாததால் எங்கே நிறுத்துவது என்றும் தெரியவில்லை.

சித்திரையில் ஒரு நாள் சென்னியப்பன் போன் செய்தார்.

"மாப்ள, நாளைக்குக் காத்தால வந்துட்டுப் போறீங்களா? கோழி எடை போடோணும். ஒடிசாக்காரங்க ஊருக்குப் போயிட்டாங்க. நானும் வேலுமணியுந்தான் இருக்கறோம்."

"வாரனுங்க மாமா."

வருஷத் திதிக்குப் பிறகு அவன் அந்தப் பண்ணைக்குப் போகவில்லை. யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

பண்ணையில் முட்டையிடும் கோழிகள் பதினாறாயிரம். அதற்கு இரண்டு நீளமான ஷெட். மூன்றாவது ஷெட்டில் இன்னும் முட்டைக்கு வராத இளங்கோழிகள். ஆறரை மணிக்கே வெயில் முதுகில் ஏறியது. கூரைமேல் குழாய் சுற்றித் தண்ணீர் தெளித்தது. ஓலை வேய்ந்த ஓரத்திலிருந்து நீர் சொட்டிய இடத்தில் காக்கைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

பண்ணையாள் வேலுமணி இளங்கோழிக் கூண்டுக்குள் கைவிட்டுக் கோழியை எடுத்து, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கு தராசின் கொக்கியில் தலைகீழாக மாட்டுவார். சென்னியப்பன் எண்ணைப் படிப்பார். கவின் நோட்டில், அந்த வயதுக்கான எடைச் சார்ட்டுக்குப் பக்கத்தில் எழுதுவான்.

"ஆயிரத்து நூத்தி எம்பது."

"ம்."

"ஆயிரத்து நூத்தி அறுவது. ஆயிரத்து இருநூறு, இது சிங்கக்குட்டி. அடுத்தது... ஆயிரத்து நாப்பது. ஏப்பா வேலுமணி, கையில தூக்குனப்பவே தெரியலியா?"

"தீனி நல்லாத்தான் திங்குதுங்க மொதலாளி. நித்தம் பாக்கறனே."

"தின்னுபோட்டும் எளைக்குதுன்னா உள்ளார சீக்கு இருக்குது. தனியாப் போடு."

கவினின் பேனா நின்றது. நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தான். தராசைப் பிடித்திருந்த கையில் வாட்ச் முழங்கைவரை சரிந்து கிடந்தது. கழுத்துப் பட்டியில் நாலு விரல் விடலாம். எண் படிப்பதற்கிடையில் அவர் முன்கையைத் தீவனக் கரண்டியின் விளிம்பால் வறட்டு வறட்டென்று சொறிந்தார். சொறிந்த இடமெல்லாம் கோடு கோடாகப் பொருக்கு.

"என்னுங்க மாமா கையில?"

"இந்தக் கலர்ப் பவுடருதான். மிக்சர்ல கொட்டறப்பப் பறக்குது. ரெண்டு மாசமா இந்த அரிப்பு. ராத்திரிக்குத் தூங்க உடமாட்டீங்குது."

மஞ்சள் கரு நல்ல நிறமாக வேண்டும் என்று ஒரு வியாபாரி கேட்டதிலிருந்து, செண்டுமல்லிப் பூவிலிருந்து எடுக்கிற பொடியை அவர் தீவனத்தில் கலந்துவந்தார். மூட்டையைப் பிரித்தால் அறையே மஞ்சளாகும். கை, சட்டை, செருப்பு எல்லாவற்றிலும் ஒட்டும்.

"மொதலாளியப் பாத்தா மஞ்சத்தண்ணி ஊத்தி உட்ட கெடாயாட்டமே இருக்கறாருங்க" என்றார் வேலுமணி. "தலைய ஆட்டுனா வெட்டிரலாம்."

"உன்ற கையப் பாரு மொதல்ல."

வேலுமணி கையை விரித்துக் காட்டினார். அதுவும் மஞ்சள்தான். இருவரும் சிரித்தார்கள். சென்னியப்பன் சிரிக்கும்போது தலையைப் பின்னால் சாய்த்தார். ஷெட்டின் கிழக்கு வாயிலில் வந்த வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்தது.

கவின் நோட்டை மூடினான்.

"வேலுமணியண்ணா, அந்தச் சோப்பை எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேரும் கையக் கழுவுங்க."

"இன்னும் நாப்பது கோழி இருக்குதுங்களே."

"கழுவுங்கண்ணா."

குழாயடியில் இருவரும் தேய்த்துக் கழுவினார்கள். வேலுமணியின் கையிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஓடியது. மூன்றாம் முறை தேய்த்தபோது உள்ளங்கை வெளுத்தது. சென்னியப்பன் கையிலிருந்தும் கொஞ்சம் ஓடியது. பிறகு தெளிந்த தண்ணீர்தான் வந்தது. உள்ளங்கை அப்படியே மஞ்சளாக இருந்தது.

"எனக்குத் தோலு குடிச்சுக்கிச்சாட்ட இருக்குது" என்றார்.

"இப்பிடி வெயிலுக்கு வாங்க மாமா. மேல பாருங்க."

கல்யாணத்தன்று காலில் விழுந்து எழுந்ததைத் தவிர, கவின் மாமனாரைத் தொட்டதில்லை. இப்போது கட்டைவிரலால் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பிடித்தான். வெள்ளையாக இருக்கவேண்டிய இடம் பழுத்த எலுமிச்சையின் தோல் மாதிரி இருந்தது. வேலுமணியையும் நிறுத்திப் பார்த்தான். தூசியில் சிவந்த நரம்புகள். மற்றபடி வெள்ளை.

"வேலுமணியண்ணந்தான் உங்களவிட எச்சாப் பவுடரு கொட்டறாரு. கண்ணுக்குள்ள பவுடரு போகுமுங்களா மாமா?"

சென்னியப்பன் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஒண்ணுக்கு என்ன நெறத்துல போகுதுங்க?"

"வெயிலு. தண்ணி கம்மியாக் குடிக்கறன்."

"நெறம் என்னுங்க?"

"கடுங்காப்பி."

"வெளிக்கி?"

வேலுமணி மெல்ல நகரப் பார்த்தார். சென்னியப்பன் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நில்லப்பா. நீயும்தான கேக்கோணும், உனக்குத்தான நான் டேங்க் கதை சொன்னேன்." பிறகு மருமகனிடம் திரும்பினார். "வெள்ளக் களிமண்ணாட்டம் போகுதுங்க. மேலாப்புல எண்ணெய் மெதக்குது. எத்தன தண்ணி ஊத்துனாலும் போகமாட்டீங்குது. டேங்க்ல வேகமில்லைன்னு பிளம்பரக் கூட்டியாந்து புது டேங்க் மாட்டுனேன். அப்பவும் போகல. அவனத் திட்டி உட்டேன்."

வேலுமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"நித்தம் காத்தால பதினாறாயிரம் கோழியோட எச்சத்தைக் குனிஞ்சு பாக்கறீங்க மாமா" என்றான் கவின். "பச்சையா, வெள்ளையா, தண்ணியான்னு. ஒரு வரிசையில நெறம் மாறுனா எனக்குப் போன் பண்றீங்க. உங்களுக்கு மாறுனதுக்குப் பிளம்பருக்குப் பண்ணீருக்கறீங்க."

"கோழிக்குன்னாத் தெரியுது. மனுசனுக்குன்னாத் தெரியலீங்களே" என்றார் சென்னியப்பன். சொல்லிவிட்டுச் சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். முன்பக்கம் குனிந்து, முழங்காலில் கையூன்றி உட்கார்ந்தார். நடு முதுகில் ஒரு வலி. நிமிர்ந்தால் கூடும், குனிந்தால் அடங்கும். தீவன மூட்டை தூக்கியதால் வந்தது என்று எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

கவின் ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்று சேலத்துக்குப் போன் செய்தான். கல்லூரியில் உடன் படித்த பெனடிக்டின் அக்கா ஜாக்குலின் அங்கே வயிற்று நோய்களுக்கான டாக்டர். அவள் கேட்டாள்: வயது? ஐம்பத்தெட்டு. எடை? எழுபத்தொன்று இருந்தது, இப்போது ஐம்பத்தெட்டோ ஒன்பதோ. சர்க்கரை எப்போது வந்தது? ஆறு மாதம். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை? இல்லை. காய்ச்சல்? இல்லை. வயிற்றில் வலி ஏதாவது? இல்லை, முதுகில்தான்.

"கவின், இன்னைக்கே கூட்டிட்டு வா" என்றாள். "நாளைக்குன்னு வைக்காத."

"என்னவா இருக்கும்க்கா?"

"பித்தநீர் வர்ற குழாய் எங்கயோ அடைச்சிருக்கு. எது அடைக்குதுன்னு பார்க்கணும். கல்லா இருந்தா வலிக்கும். இவருக்கு வலிக்காம அடைச்சிருக்கு. அதுதான் எனக்குப் பிடிக்கல."

வீட்டில் மாமியார் பாப்பாயி அரிசியும் பருப்பும் சாதம் வைத்திருந்தாள். கூட நெய், கத்தரிக்காய்ப் பொரியல், மோர். மருமகன் வருகிறான் என்பதற்காக உடைசல் முட்டையில் நாலைப் பொரித்திருந்தாள். ஆனால் அவனிடம் நேராகப் பேசவில்லை. பதினாலு மாதமாக அவள் அவனோடு பேசுவது புருஷன் வழியாகத்தான்.

"மாப்பிள்ளைக்கு முட்டை வேணுமான்னு கேளுங்க."

"வேணுமாங்க மாப்ள?"

"போதுமுங்க."

"போதுமாமா" என்றார் சென்னியப்பன். அவர் தட்டில் இரண்டு கரண்டிச் சோறு. நெய்யை ஓரமாக ஒதுக்கியிருந்தார்.

கவின் விஷயத்தைச் சொன்னான். சுற்றிவளைக்க அவனுக்கு வராது. மாமாவுக்குக் கண்ணில் காமாலை இருக்கிறது, சேலத்தில் டாக்டர் காத்திருக்கிறார், பன்னிரண்டு மணிக்குள் கிளம்பவேண்டும் என்றான்.

பாப்பாயி கரண்டியைக் கீழே வைத்தாள். புருஷன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"காமாலைதான? அதுக்கெதுக்குச் சேலம்? கரட்டோரத்துல வைத்தியரு இருக்கறாரு. வெறும் வயித்துல மூணு நாளு கீழாநெல்லி, இருவத்தோரு நாளு உப்பில்லாப் பத்தியம். எங்கண்ணனுக்கு ஒரே வாரத்துல கண்ணு வெளுத்துது. சொல்லுங்க மாப்பிள்ளைகிட்ட."

"அவருக்குக் காச்சல் இருந்துதுங்களா அத்தை?"

"இருந்துது. காச்சலு, வாந்தி, அல்லாம் இருந்துதுன்னு சொல்லுங்க."

"மாமாவுக்கு ஒண்ணும் இல்லீங்க. சும்மா இருக்கறப்ப மஞ்சளாகுது. எட்டு மாசமா எளைக்கறாரு. எளைச்சுட்டு இருக்கறப்பவே புதுசாச் சர்க்கரை வருது. நடு முதுகு வலிக்குது. நெய்யும் கறியும் ஆகறதில்ல. வெளிக்கி வெளுத்துப் போகுது. ஒவ்வொண்ணுக்கும் நாம ஒரு காரணம் வச்சிருக்கறம். பவுடரு, மூட்டை, வெயிலு, டேங்க். அல்லாத்துக்கும் ஒரே காரணம் இருந்தா?"

"கவுச்சிய அவரு மகளுக்காக உட்டாரு" என்றாள் பாப்பாயி. "அதையும் சீக்குங்கறாரான்னு கேளுங்க."

சென்னியப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"அத்தை, இருவத்தோரு நாளு போனா..."

"மக போன வெசனத்துல எளைக்கறாரு மனுசன்." இப்போது அவள் அவனை நேராகப் பார்த்தாள். "அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கதான் எளைக்கலியே."

சென்னியப்பன் "பாப்பாயி" என்றார். அவள் நிற்கவில்லை.

"என்ற புள்ளைய மூணு நாளு காச்சல் மாத்திரையக் குடுத்து ஊட்லயே வச்சிருந்தீங்க. இன்னைக்கு வந்து பன்னெண்டு மணிக்குள்ள கெளம்போணும்ங்கறீங்க. அன்னைக்கு எங்க போச்சு இந்த அவசரம்?"

கவின் தட்டைப் பார்த்தான். நாலு முட்டையில் இரண்டைத் தின்றிருந்தான். எப்போது தின்றான் என்று நினைவில்லை.

"ஆமாங்க அத்தை. வச்சிருந்தேன்" என்றான். "சாதாரணக் காச்சல்னு நெனச்சேன். நாலாம் நாளுதான் கூட்டிட்டுப் போனேன். அது தப்பு." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "மாமாவ வைக்கமாட்டேன். நீங்க என்ன சொன்னாலும் சரிங்க. கார் வெளிய நிக்குது."

பாப்பாயி கீழே வைத்த கரண்டியை மறுபடி எடுத்தாள். அவன் மறுப்பான், சமாதானம் சொல்வான் என்று பதினாலு மாதமாக எதிர்பார்த்திருப்பாள் போல. ஒப்புக்கொண்டால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கவில்லை.

சென்னியப்பன் எழுந்து கை கழுவினார்.

"இந்தா புள்ள, சட்டை எடுத்தா. வெள்ளை வேண்டாம். மஞ்ச எடுத்துக் காட்டும்."

பாப்பாயி உள்ளே போனாள். சட்டையோடு வரும்போது தானும் சேலை மாற்றியிருந்தாள். கையில் சர்க்கரை மாத்திரை டப்பா, ஆதார் கார்டு, ஒரு பாட்டில் மோர்.

சேலத்தில் ஜாக்குலின் அதிகம் பேசவில்லை. கண்ணைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், வயிற்றின் வலது மேல்பக்கத்தில் விரல்களை அழுத்தி மூச்சு இழுக்கச் சொன்னாள். ரத்தம் எடுத்தார்கள். முதலில் சாதாரண ஸ்கேன். அதைப் பார்த்ததும் அவளே கூடவே நடந்துபோய்ப் பெரிய ஸ்கேனுக்குச் சொல்லிவிட்டு வந்தாள்.

காத்திருக்கச் சொன்னார்கள். நீல நாற்காலிகள். எதிரே ஒரு பெண் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடி இருந்தாள். பாப்பாயி மாத்திரை வாங்கப் போயிருந்தாள்.

"மாப்ள" என்றார் சென்னியப்பன். "ஒண்ணு சொல்றன். உங்கத்தைகிட்டச் சொல்லாதீங்க."

"சொல்லுங்க மாமா."

"கவுச்சிய நான் அவளுக்காக உடலீங்க."

கவின் திரும்பிப் பார்த்தான்.

"அவளுக்கு முப்பதாம் நாளு கும்பிட்டுட்டு அன்னைக்கு ஆடு அடிச்சாங்க. பங்காளிக அல்லாரும் உக்காந்தாங்க. எனக்கு வாயில வச்சதும் ஒமட்டிட்டு வந்துது. எந்திரிச்சுட்டேன். மக நெனப்புல எந்திரிச்சுட்டாருன்னு ஆரோ சொன்னாங்க. உங்கத்தை அழுதா. நானும் சரீன்னுட்டேன். அதுக்கப்பறம் எளைக்க ஆரமிச்சன்ல? ஊரே சொல்லுச்சு, என்ன பாசம் பாருன்னு. எனக்கும் அது நெசம்னே பட்டுதுங்க." முழங்காலைத் தேய்த்தார். "மொதுகு வலிச்சப்ப, சோறு எறங்காதப்ப, ஆசுபத்திரிக்குப் போலாம்னு ரெண்டு மூணு தடவ நெனச்சேன். போயி அவங்க இது வேற சீக்குன்னு சொல்லீட்டா? அப்ப அவளுக்காக நான் என்ன பண்ணுனேன்? ஒண்ணுமே பண்ணலைன்னு ஆயிருமேன்னு உட்டுட்டேன்."

ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்கள் நிறையப் பேரைக் கவின் இந்தப் பதினாலு மாதத்தில் பார்த்திருந்தான். அவர்கள் சொன்ன எதுவும் நினைவில் இல்லை. அதனால் மோர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். சென்னியப்பன் இரண்டு மடக்குக் குடித்தார்.

நாலரை மணிக்கு மூவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஜாக்குலின் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வைத்தாள். சாம்பல் நிறத்தில் வயிற்றின் குறுக்குவெட்டு.

"இது கணையம். சர்க்கரையை அடக்கற சுரப்பும் இங்கதான், கொழுப்பைச் செரிக்கிற நீரும் இங்கதான். இதோட தலைப்பக்கத்துல ஒரு கட்டி. ரெண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. பித்தக் குழாய் இதுக்குள்ள புகுந்துதான் குடலுக்குப் போகுது. அதை நெரிக்குது. அதனால பித்தம் ரத்தத்துல ஏறிக் கண்ணு மஞ்சள், தோல் அரிப்பு. குடலுக்குப் போகாததால வெளிக்கி வெளுப்பு."

"புத்துங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"பெரும்பாலும் அதுதான் ஐயா. எடுத்துச் சோதிச்சாத்தான் முழுசாச் சொல்ல முடியும்."

பாப்பாயி புருஷனின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"இப்ப நான் சொல்றதைக் கவனமாக் கேளுங்கம்மா. இந்த நோயோட என்கிட்ட வர்ற பத்துப் பேர்ல ஏழெட்டுப் பேருக்கு ஆபரேஷனுக்கே வழி இருக்காது. அதுக்குள்ள ரத்தக்குழாயைப் பிடிச்சிருக்கும், இல்ல ஈரலுக்குப் போயிருக்கும். இவருக்கு ரெண்டும் இல்லை." பேனா முனையால் திரையில் ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டினாள். "இந்த இடைவெளி தெரியுதா? கட்டிக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவுல. இது இருக்கறவரைக்கும் எடுக்கலாம். பெரிய ஆபரேஷன். ஏழெட்டு மணி நேரம் ஆகும். ஆனா எடுக்கலாம்."

"எத்தன நாளு இந்த எடைவெளி இருக்கும்?" பாப்பாயிதான் கேட்டாள்.

"அதை யாரும் சொல்ல முடியாதும்மா. ஒரு மாசம் கழிச்சு வந்திருந்தா நான் இதைக் காட்டியிருப்பனான்னு தெரியாது."

பாப்பாயி அந்த மெல்லிய கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும் பதினாலு மாதத்தில் இரண்டாம் முறையாகக் கவினிடம் நேராகப் பேசினாள்.

"ஆபரேசனுக்கு என்னென்ன வேணுமோ கேட்டு எழுதிக்குங்க மாப்ள. எனக்கு மறந்துபோகும்."

பன்னிரண்டாம் நாள் ஆபரேஷன். அதற்குள் சென்னியப்பன் உடம்பைத் தேற்றவேண்டும் என்றார்கள். கொழுப்பைச் செரிக்க வைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போடவேண்டும். இரண்டாம் நாளே முட்டை உள்ளே போனது. "இத்தன நாளும் நாந் தின்னது அல்லாம் சும்மா வந்துட்டுப் போயிருக்குது பாரு" என்று அவர் ஆச்சரியப்பட்டார். வேலுமணி தினமும் ஷெட்டிலிருந்து போன் போட்டு, "இன்னைக்கு எத்தன கிராமுங்க மொதலாளி ஏறியிருக்கறீங்க?" என்று கேட்பார். "சார்ட்டுக்கு வந்துட்டேன். நீ கோழியப் பாரு" என்பார் இவர்.

பண்ணையைக் கவின் பார்த்துக்கொண்டான். காலை ஐந்துக்கு வந்து தீவனம் ஓடுவதைப் பார்த்துவிட்டு, லேப்புக்குப் போய், மாலையில் மறுபடி வந்தான். முட்டை லாரி வரும் நாளில் அங்கேயே படுத்துக்கொண்டான்.

ஆபரேஷன் அன்று ஏழெட்டு மணி நேரம் என்றது ஒன்பதாயிற்று. பாப்பாயி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாலை ஐந்தே காலுக்குச் சர்ஜன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். கட்டியைச் சுற்றியிருந்ததோடு சேர்த்து எடுத்தாயிற்று, ரத்தக்குழாயில் ஒட்டவில்லை என்றார். பத்து நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில் புற்று என்று இருந்தது. வெட்டிய ஓரங்கள் சுத்தம் என்றும் இருந்தது. ஆறு மாதம் ஊசி மருந்து ஏற்றவேண்டும்.

"திரும்ப வராதுன்னு என்னால எழுதித் தர முடியாது ஐயா" என்றாள் ஜாக்குலின். "ஆனா மல்லுக்கட்ட வாய்ப்புக் கிடைச்ச ஆள் நீங்க."

"அது போதுமுங்க டாக்டரம்மா" என்றார் சென்னியப்பன். "கோழி வளக்கறவன் இதுக்கு மேல உத்தரவாதம் கேக்கமாட்டான்."

வைகாசி கடைசியில் வீட்டுக்கு வந்தார். கண் வெளுத்திருந்தது. அரிப்பு நின்றிருந்தது. வயிற்றின் குறுக்கே ஒரு முழத்துக்குத் தையல். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பனியனைத் தூக்கிக் காட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பங்காளி மாதையன் வந்தார். சாத்துக்குடியும் சத்துமாவு டப்பாவும் கொண்டுவந்தார். கவின் அப்போதுதான் ஷெட்டிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சென்னியப்பன் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு முதல் கவளத்தை எடுத்தார். கொள்ளு ரசமும் நாட்டுக்கோழிக் குழம்பும்.

மாதையன் தையலைப் பார்த்தார். நாக்கைத் தட்டினார்.

"என்ன இருந்தாலும் மக வெசனந்தானப்பா. அதுதான் உள்ளுக்குள்ளயே கட்டியாப் போயிருச்சு. பெத்த மனசு." கவினின் தட்டை ஒரு பார்வை பார்த்தார். "அல்லாருக்கும் அப்பிடி வந்துருமா?"

சென்னியப்பன் வாயில் சோறு இருந்தது. அவர் விழுங்குவதற்குள் பாப்பாயி அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள். கையில் குழம்புச் சட்டி.

"மாதையண்ணா, வெசனத்துல ஆருக்கும் கட்டி வராதுங்க."

"இல்லம்மிணி, நாஞ் சொல்றது..."

"நானும் அப்பிடித்தான் சொல்லீட்டு இருந்தேன். எட்டு மாசம் சொன்னேன். சொல்லிச் சொல்லி இவரக் கொல்லப் பாத்தேன். வெசனம் எனக்குமிருக்குது. பத்து மாசம் சொமந்தவ நான். எளைச்சனா? எம்பது கிலோ இருக்கறேன். இந்தா உக்காந்திருக்கறாரே மாப்பிள்ளை, அவருக்கும் இருக்குது. அவரு எளைக்கல. அவரு கண்ணுக்குத் தெரிஞ்சதாலதான் இவரு இன்னைக்குச் சோறு திங்கறாரு. எளைச்சாத்தான் வெசனம்னு ஆரு சொன்னது?" மூச்சு வாங்கினாள். "உங்களுக்குச் சர்க்கரை எப்ப வந்துதுங்க?"

"எனக்கா? அது... போன மாசம்."

"எளைக்கறீங்களா?"

மாதையன் தன் வேட்டி மடிப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கொஞ்சம் எளைச்சாப்புலதான் இருக்குதும்மிணி."

"அப்பச் சும்மா நாக்கத் தட்டீட்டு உக்காராம டாக்டரப் போயிப் பாருங்க. அல்லாருக்கும் இதுவா இருக்காது. இருந்தா இருக்குதுன்னாவது தெரியோணும்ல."

சென்னியப்பன் ஒருவழியாக விழுங்கினார். "நீ ஒரு பெரிய டாக்டராயிட்டயா புள்ள?" என்றார்.

பாப்பாயி கவினின் தட்டில் ஒரு கரண்டிக் குழம்பை ஊற்றினாள். போதுமா என்று யாரிடமும் கேட்கவில்லை. இன்னொரு கரண்டியும் ஊற்றினாள்.

கவின் சாப்பிட்டான். காரம். நல்லெண்ணெயில் வதக்கிய சின்ன வெங்காயம். மிளகு கொஞ்சம் தூக்கல். கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டுக் கை கழுவினான். தண்ணித் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்கு நடந்தான்.

மத்தியான வெயிலில் கோழிகள் வாயைத் திறந்து மூச்சு இளைத்துக்கொண்டிருந்தன. கூரைமேல் தண்ணீர் சுற்றியது. முட்டையிட்ட கோழிகள் கத்த, இடாத கோழிகளும் சேர்ந்து கத்தின. அவன் வரிசைகளுக்கு நடுவில் பாதி தூரம் போய் நின்றான்.

"சத்யா" என்றான்.

பதினாறாயிரம் கோழிகளின் சத்தத்தில் அது அவன் காதிலேயே விழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் உரக்க, இன்னொரு முறை சொன்னான்.